ஷிஃப்ட் முடிஞ்சதும் தொடங்குற ஷிஃப்ட்

ஃபைனல் இயர் மக்களே, ஆஃபர் லெட்டர் வந்தவங்க எல்லாரும் அதை இன்னொரு முறை எடுத்துப் படிச்சுப் பாருங்க. சிடிசி இருக்கும், புரொபேஷன் இருக்கும், நோட்டீஸ் பீரியட் இருக்கும், வேலை நேரம் இருக்கும். வேலை முடிஞ்ச பிறகு டீமோட உட்கார்ந்து குடிக்கிற இரண்டு மூணு மணி நேரம் மட்டும் எங்கேயும் இருக்காது. அதுக்குச் சம்பளம் கிடையாது, பஞ்ச் கிடையாது. ஆனா வரலைன்னா ஆப்சென்ட் விழும்.

முதல்லயே சொல்லிடறேன், இது மதுவிலக்குக் கட்டுரை இல்ல. பாட்டில் லேபிள்லயே எச்சரிக்கை போட்டிருக்காங்க, அதுக்கு மேல நான் எழுதி ஆகப்போறது ஒண்ணுமில்ல. தமிழ்நாட்டுல மது அருந்தச் சட்டப்படி வயசு 21. நமக்கும் பிளேஸ்மென்ட் கிடைக்கிற வயசு அதேதான். யார் குடிக்கிறாங்க, யார் குடிக்கலைங்கிறது அவங்கவங்க பாடு. என் கேள்வி வேற. அந்த டேபிள்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்காக, வேற ஊர்ல ஒரு ஆள் ஃபோனைக் கையில வெச்சுட்டுக் காத்திருந்தா, அந்த சாயங்காலம் யாருக்குச் சொந்தம்? டீமுக்கா, காத்திருக்கிறவருக்கா? காத்திருக்கிறவருக்குத்தான்னு நான் சொல்றேன். டீம் கேட்டு வாங்கிக்கலாம், கேட்காம எடுத்துக்கக் கூடாது.

இதைப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்டா, அந்த ஃபோன் காலோட இரண்டு முனையிலும் நான் இருந்திருக்கேன். ஒரு முனை எங்க வீடு. ஊர் கூரம், காஞ்சிபுரம் பக்கம். பல்லவர் செப்பேட்டால வரலாற்றுப் புத்தகத்துல ஒரு வரி வாங்கின ஊர். இன்னொரு முனை ஒரகடத்துல ஒரு பேச்சிலர் ரூம். இன்டர்ன்ஷிப்ல மூணு மாசம் அங்க தங்கினேன். செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சா ஊருக்கு வர பஸ் கிடையாது, அதனால ரூம்.

வீட்டு முனையை முதல்ல சொல்றேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகுது. மாமாவை அவர் கம்பெனி, புது லைன் போடணும்னு புனே பக்கத்துல சாக்கனுக்கு அனுப்பிச்சது. ஒரு வருஷம்னு சொன்னாங்க, இப்ப இரண்டாவது வருஷம் ஓடுது. அக்கா நர்சரி ஸ்கூல் டீச்சர். பாப்பாவுக்கு இரண்டரை வயசு. வேலையை விட்டுட்டுப் போனா அங்க ஒரு சம்பளத்துல ஓட்டணும், பாப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்ல. அதனால எங்க வீட்டுலயே இருக்காங்க.

ராத்திரி பாப்பா தூங்கினதும் அக்கா ஃபோனைச் சார்ஜர்ல இருந்து எடுத்துட்டுத் திண்ணைக்குப் போவாங்க. டவர் அங்கதான் ஒழுங்கா கிடைக்கும், அதுவும் ஒரு காரணம். மத்த நாள்ல பேச்சு சாதாரணமாப் போகும். கேஸ் புக் பண்ணியாச்சா, பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா, அம்மா முழங்காலுக்கு எந்த டாக்டரைப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வேற மாதிரி. அன்னைக்கு அங்க டீம் டின்னர். பத்தே முக்காலுக்குக் கால் வரும். மாமா குரல் கொஞ்சம் பெருசா இருக்கும், சிரிப்பு அதிகமா இருக்கும். பின்னாடி இருந்து யாரோ 'பாபிஜி நமஸ்தே'ன்னு கத்துவாங்க. அக்காவும் நமஸ்தே சொல்லிட்டு மூணு நிமிஷத்துல வெச்சிடுவாங்க.

மாமா குடிக்கிறது பிடிக்கலையான்னு ஒரு நாள் கேட்டேன். "குடிக்கட்டுமே, அவரும் மனுஷன்தானே. ஆனா அவர் என்கிட்ட பேசறப்ப நாலு பேர் கேட்டுட்டு இருக்காங்கடா. வெள்ளிக்கிழமை அவர் பேசறது அவங்களுக்காக. எனக்காக இல்ல."

நாம ஹாஸ்டல்ல பேசற டிபேட் எல்லாம் குடிக்கலாமா வேண்டாமா, எவ்வளவு, எந்த பிராண்ட், அவ்வளவுலயே முடிஞ்சிடும். அக்கா சொன்ன இடத்துக்கு யாரும் வர்றதில்ல. அந்த டேபிளுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு: யாரை வேணும்னாலும் கிண்டல் பண்ணலாம், மேனேஜரைத் திட்டலாம், அழக்கூட செய்யலாம், ஆனா பொண்டாட்டியை மிஸ் பண்றேன்னு சாதாரணக் குரல்ல சொல்லிடக் கூடாது. சொன்னா அன்னையில இருந்து பட்டப்பேர். கிளம்பறேன்னு எழுந்தா 'பெர்மிஷன் டைம் முடிஞ்சுதா'ன்னு ஒரு ஜோக். அதனால மிஸ் பண்றவன்தான் அந்த டேபிள்ல அதிகமா சத்தம் போடறான். கவனிச்சுப் பாருங்க.

இப்ப ஒரகடம் முனை. ரூம்ல நாங்க அஞ்சு பேர். அதுல சேத்துப்பட்டு பக்கத்து அண்ணன் ஒருத்தர், குவாலிட்டியில டெக்னீஷியன். அண்ணி அப்ப ஏழு மாசம், அவங்க அம்மா வீட்டுல இருந்தாங்க. நம்ம புரொடக்‌ஷன் பேப்பர்ல படிச்ச 'ஜஸ்ட் இன் டைம்' நான் உருப்படியா நடந்து பார்த்தது அந்த ரூம்லதான். கடை பத்து மணிக்கு மூடிடும், செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க வர்றதுக்குப் பதினொண்ணே கால் ஆகும். முதல் ஷிஃப்ட் ஆளுங்க சரியா தலைக்கு எவ்வளவோ அதை வாங்கி வெச்சிருப்பாங்க. ஒரு குவார்ட்டர் கூட இருக்காது, குறையவும் குறையாது.

இந்த அண்ணன் எங்க மாமா மாதிரி இல்ல. முதல் ஷிஃப்ட் வாரத்துல எட்டரைக்கு மொட்டை மாடிக்குப் போய் அண்ணிகிட்ட பேசி முடிச்சுட்டுத்தான் கீழ வருவார். குடி அதுக்கு அப்புறம். ஃபோனை வெச்ச பிறகு வர்ற பத்து நிமிஷம் இருக்கே, அதுதான் கஷ்டம். பாயில உட்கார்ந்து, ஸ்கிரீன் தானா அணையற வரைக்கும் அதையே பார்த்துட்டு இருப்பார். அப்ப யாராவது 'வாண்ணே, ஒரு கட்டிங்'னு கூப்பிட்டா, அதுல கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இந்த நேரத்துல இந்த மனுஷனைத் தனியா விடக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியுது. கூப்பிடறதுக்கு அவங்ககிட்ட வேற எதுவும் இல்ல, அவ்வளவுதான்.

வேற எதுவும் இல்லன்னா நிஜமாவே இல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ரோட்டுல பரோட்டா கடை, டீக்கடை, ரீசார்ஜ் கடை, அப்புறம் டாஸ்மாக். லைட் போட்ட கிரவுண்டு கிடையாது. உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடையாது. டாஸ்மாக் 1983-ல தொடங்கின அரசு நிறுவனம். 2003-ல இருந்து சில்லறை விற்பனையும் அதுகிட்டதான். அதாவது பகல் 12 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும், ஆள் போட்டு, கணக்கு வெச்சு, தவறாம ஒரு இடத்தைத் திறந்து வைக்க அரசாங்கத்துக்குத் தெரியும். அதே நேரத்துக்கு நாலு ஃபேன், இரண்டு கேரம் போர்டு, ஒரு வாலிபால் கோர்ட் இருக்கிற ஒரு ஹாலைத் திறந்து வெச்சா என்ன ஆகும்? அண்ணனைக் கூப்பிட்டவங்களுக்குக் கூப்பிட இன்னொரு இடம் இருக்கும்.

இன்னொண்ணு, இது முழுக்க மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னு எனக்குத் தோணல. அண்ணன் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். கைக்கு வர்றது 19,000. ரூம்ல தலைக்கு 2,500. அண்ணியைக் கூட்டிட்டு வந்து ஒரு சின்ன வீடு பார்த்தா 8,000, அட்வான்ஸ் அம்பதாயிரம். ஊருக்கு அனுப்ப வேண்டியது தனி. அவர் அண்ணியை மிஸ் பண்றதுக்குக் காரணம் அந்த 5,500 ரூபாய் வித்தியாசம். கவிதை எழுதற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

பெண்கள் பக்கம் பார்த்தா இன்னும் கொடுமை. 2024 ஜூன்ல, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்கறாங்கன்னு ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. நிறுவனம் மறுத்தது; ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசுகிட்ட அறிக்கை கேட்டது. அதே வருஷம் ஆகஸ்ட்ல, பக்கத்துல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற மாதிரி சிப்காட் கட்டின விடுதி திறந்தாங்க. விடுதி தேவைதான், தப்பு சொல்லல. ஆனா பெண்ணுக்கு விடுதிக் கட்டில், ஆணுக்கு ரூம்ல பாய்னு ஆகிட்டா, புருஷன் பொண்டாட்டியா சேர்ந்து வாழ்றதுக்கு அந்தத் தொழிற்பேட்டையில எங்க இடம்? அந்த அளவுல கட்டத் தெரிஞ்சவங்க, குடும்பத்தோட தங்கற சின்ன வீடுகளையும் கட்டித் தரணும். டாஸ்மாக் வாசல்ல நின்னு அறிவுரை சொல்றதைவிட அது வேலை செய்யும்.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படியான்னு, ப்ரொஃபஷனல் எத்திக்ஸ் அசைன்மென்ட்டைச் சாக்கா வெச்சுக் கொஞ்சம் தேடினேன். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஜப்பான், கொரியா கம்பெனிகள்தானே அதிகம், அங்க இருந்தே தொடங்கினேன். வேலை முடிஞ்சு குடிக்கிறதுக்கு ஜப்பான்ல 'நோமிகாய்'னு பேர், கொரியாவுல 'ஹ்வேசிக்'. ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேல போய், குடிக்கிறதுக்கான 'நோமு'வையும் கம்யூனிகேஷனையும் ஒட்டி 'நோமினிகேஷன்'னு ஒரு வார்த்தையே வெச்சிருக்காங்க. குடும்பத்தை விட்டுட்டுத் தனியா வேற ஊர்ல வேலை பார்க்கிறதுக்கும் அவங்ககிட்ட ஒரு பேர் உண்டு: 'தான்ஷின் ஃபுனின்'. எங்க மாமா செய்யறது அதுதான். நாம அதுக்குப் பேரே வைக்கல. 'வேலை விஷயமா வெளியூர்ல இருக்கார்'னு சொல்லி முடிச்சுடறோம்.

அங்க ஒரு வழக்கு, டோவா பெயின்ட் வழக்குன்னு சொல்றாங்க. கோபே ஆபீஸ்ல இருந்த ஒரு விற்பனைப் பிரிவு ஊழியரை நகோயாவுக்கு மாத்தினாங்க. வீட்டுல வயசான அம்மா, குழந்தைகள் காப்பகத்துல வேலை பார்க்கிற மனைவி, இரண்டு வயசுப் பொண்ணு. போக மாட்டேன்னார், வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1986 ஜூலையில தீர்ப்பு வந்தது: இந்த மாதிரி குடும்பக் கஷ்டம் இடமாற்றத்துல ஒருத்தர் வழக்கமாப் பொறுத்துக்க வேண்டிய அளவுதான், மாத்தின உத்தரவு செல்லும். நர்சரி டீச்சர் மனைவி, இரண்டரை வயசுப் பாப்பான்னு எங்க வீட்டுக் கதை அப்படியே இருக்கிறதால இதை என்னால தாண்டிப் போக முடியல. அக்காகிட்ட சொன்னேன். "அந்த ஜட்ஜ் எந்த ஊர்ல, யாரோட இருந்தார்னு போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க.

இன்னொரு பக்கம் பிரான்ஸ். பாரிஸ்ல கூபிக் பார்ட்னர்ஸ்னு ஒரு கன்சல்டிங் கம்பெனி. வார இறுதியில ஊழியர்கள் எல்லாம் சேர்ந்து குடிச்சுக் கூத்தடிக்கிறதை அங்க கம்பெனிப் பண்பாடாவே வெச்சிருந்தாங்க. ஒருத்தர் கலந்துக்கல. அதையும் ஒரு காரணமாச் சேர்த்து 2015-ல அவரை வெளிய அனுப்பிட்டாங்க. 2022 நவம்பர்ல அந்த நாட்டின் உச்சபட்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு; கம்பெனியோட ஜாலியில கலந்துக்காம இருக்கறது அவரோட கருத்துச் சுதந்திரம். தென்கொரியாவுலயும் 2019 ஜூலையில பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத் திருத்தம் வந்தது. குடிக்கச் சொல்லி வற்புறுத்தறது அதுக்கு ஓர் உதாரணம்னு தொழிலாளர் அமைச்சகத்தோட கையேடே சொல்லுது. இங்க எந்த எச்ஆர் பாலிசியில இப்படி ஒரு வரி பார்த்திருக்கீங்க?

நம்ம பழைய ஆளுங்களைக் கேட்டா என்ன சொல்லுவாங்கன்னும் யோசிச்சேன். சங்க காலத்துல கள் தாராளமா ஓடுச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல. மன்னரும் புலவரும் சேர்ந்தே குடிச்சிருக்காங்க. ஆனா பத்தாம் வகுப்புல நமக்கு வந்த முல்லைப்பாட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. அரசன் பாசறையில தூக்கம் வராம இருக்கான், அவ வீட்டுல தூக்கம் வராம இருக்கா. முல்லைத்திணைத் தலைவன் வினை முடிஞ்சதும் செய்யற முதல் காரியம், பாகன்கிட்ட தேரை வேகமா ஓட்டச் சொல்றது. 'ஒரு ரவுண்டு முடிச்சுட்டுக் கிளம்பலாம்ப்பா'ன்னு சொன்ன தலைவனை எங்க தமிழ் மிஸ் நடத்தினதா ஞாபகம் இல்ல. எங்க ஊர் ஆளையும் சொல்லிடறேன். கூரத்துல பிறந்து வெளியூர் போனவங்கள்ல பெரிய பேர் கூரத்தாழ்வான். சொத்தெல்லாம் விட்டுட்டு ராமானுஜர்கிட்ட சேர ஸ்ரீரங்கம் கிளம்பறார், மனைவி ஆண்டாளையும் கூட்டிட்டுத்தான். வழியில காட்டுல அவங்களுக்குப் பயம் வருது. மடியில என்ன இருக்குன்னு கேட்கறார். நீங்க குடிக்கறதுக்குன்னு ஒரு பொன்வட்டில் எடுத்துட்டு வந்தேங்கறாங்க. வாங்கித் தூக்கி எறிஞ்சார்னு கதை. வட்டிலை விட்டார், கூட வந்தவங்களை விடல.

சரி, எதிர்க்கேள்விக்கு வருவோம். சீனியர்ஸ் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: அந்த டேபிள்லதான்டா உண்மையான விஷயமே தெரிய வரும். எந்த புராஜெக்ட் மூடப்போகுது, யார் ஆன்சைட் போறாங்க, எந்த மேனேஜர்கிட்ட மாட்டக் கூடாது. உண்மைதான். என் இன்டர்ன்ஷிப்ல வெல்டிங் டிஃபெக்ட் பத்தி மூணு வாரம் யாரும் சொல்லாத விஷயத்தை ஒருத்தர் இரண்டாவது ரவுண்டுல சொன்னார். ஆனா அதுதானே பிரச்சனையே? வேலைக்குத் தேவையான தகவல் வேலை நேரத்துல கிடைக்காம, ராத்திரி பத்து மணிக்கு பார்ல கிடைச்சா, அது நம்ம கிளாஸ் பொண்ணுங்க எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? குழந்தையைக் கூப்பிடப் போறவங்களுக்கு? குடிக்காதவனுக்கு? ஏறக்குறைய 1,100 வருஷத்துக்கு முந்தைய உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு, பெரும்பாவம் செஞ்சவங்களை வாரியத்துக்கு நிற்கவே விடல. அந்தக் கால சாஸ்திரக் கணக்குல குடியும் ஒரு பெரும்பாவம். இப்ப குடிக்காதவன் வாரியத்துக்கு வெளிய நிக்கிறான். இரண்டுமே எனக்குச் சரியாப் படல.

ஜூலையில ஜாயின் பண்ணப் போறவங்களுக்கு என் யோசனை ரொம்பச் சின்னது. போகணும்னா போங்க. போறதுக்கு முன்னாடி, முதல் கிளாஸ் ஊத்தறதுக்கு முன்னாடி, வெளிய நின்னு தனியா அந்த காலைப் பேசி முடிச்சிடுங்க. டேபிள்ல இருந்து பேசாதீங்க, ஸ்பீக்கர்ல போடாதீங்க, ஃபோனைப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கொடுக்காதீங்க. பக்கத்துல யாராவது எழுந்து கிளம்பினா ஏன்னு கேட்காதீங்க. இரண்டு வருஷத்துல நீங்களே டீம் லீட் ஆவீங்க. அப்ப டின்னரை மதியச் சாப்பாடா மாத்துங்க. பிரியாணி மதியமும் பிரியாணிதான்.

போன மாசம் ஒரு கம்பெனி பிரீ-பிளேஸ்மென்ட் டாக் நடந்துச்சே, அதுல கேள்வி நேரத்துல நான் எழுந்து கேட்டேன்: டீம் பார்ட்டியில பாதியில கிளம்பறவங்களுக்கு அப்ரைசல்ல ஏதாவது ஆகுமா? ஹால் முழுக்கச் சிரிச்சீங்க, எச்ஆர் மேடமும் சிரிச்சாங்க. அவங்ககூட வந்திருந்த நம்ம காலேஜ் சீனியர் சிரிக்கல. அப்புறம் கேன்டீன்ல தேடி வந்து பேசினார். அவர் வொய்ஃப் மதுரையில பேங்க்ல இருக்காங்களாம். "முதல் வருஷம் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். இப்ப ஒன்பது மணிக்குக் கிளம்பிடறேன். மூணு மாசம் ஓட்டினாங்க. அப்புறம் இன்னும் இரண்டு பேர் எங்கூடவே எழ ஆரம்பிச்சாங்க. மூணு பேர்னா ஆட்டோவும் கட்டுப்படியாகுது."